சாரலில் சுடும் லேப்டாப்

ஆனி 23, திங்கள்

விடிந்ததிலிருந்து சாரல். காற்று பின்கட்டுத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. குற்றாலமே குளிரில் நடுங்குகிறது. என் லேப்டாப் மட்டும் கொதிக்கிறது.

இன்றைக்கும் அணைந்துவிட்டது. பாடக்குறிப்பை வாசித்துக்கொண்டிருந்த குரல் முதலில் இழுத்தது. "தென்மேஏஏ..." பிறகு ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு திக்கியது. உள்ளே விசிறியின் இரைச்சல் குரலையே அமுக்கியது. பிறகு ஒன்றுமில்லை. கண் உள்ளவர்களுக்குத் திரையில் எச்சரிக்கை ஏதாவது வருமாம். எனக்கு வருவது மௌனம். யோசிக்கிறதா, தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று தெரியாமல் பட்டனை அமுக்கிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால் இதைப் பிரெயில் சட்டத்தில் குத்தி எழுதுகிறேன். ஒரு வசதி, இந்த வீட்டில் இதை வாசிக்க ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் கண் உள்ள தற்குறிகள்.

நிலவரம்:
– வெள்ளி பதினோரு மணிக்கு டெமோ வகுப்பு. தென்காசியில் புதிதாக ஒரு கோச்சிங் சென்டர், போட்டித் தேர்வுப் பிள்ளைகள், ஆன்லைன். எனக்குப் புவியியல். தென்மேற்குப் பருவக்காற்று.
– நடுவில் நின்றால் வேலை கிடையாது. கோச்சிங் சென்டர் சாரே (இனி கோ.சா.) போனில் சொன்னது: "நெட்டு போச்சு, சிஸ்டம் போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க மேடம். பாதியில நின்னா பிள்ளைங்க வேற சென்டருக்குப் போயிருவாங்க."
– வேலை கிடைக்காவிட்டால் பழையபடி அண்ணன் வீட்டு போனுக்குப் பதில் சொல்ல வேண்டும். "ஹலோ, ரூம் இருக்கு, வெந்நீர் இருக்கு, அருவிக்கு நடந்தே போயிரலாம்." எம்.ஏ., பி.எட். படித்த வாய்.

கோ.சா. இன்னொன்றும் சொன்னார். குழைந்து குழைந்து. "வீடியோ வேண்டாம் மேடம். ஸ்லைடும் வாய்ஸும் போதும். உங்க முகம்... தப்பா நினைக்காதீங்க, பிள்ளைங்களுக்குக் கவனம் சிதறும்."

சரி சார் என்றேன். வேலை வேண்டுமே. போனை வைத்த பிறகு வாயெல்லாம் கசப்பு.

சீசன் வந்துவிட்டதால் வழக்கம்போல என் அறை பறிபோயிற்று. ஆண்டுதோறும் நடப்பதுதான். அண்ணன் முன்னறையை அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவான். மேற்கே பெரிய ஜன்னல், திறந்தால் மலையாம். "ஏட்டி பேச்சி, நீ மலையவா பாக்கப் போற? பார்ட்டி வியூ கேக்காவ." அவனுக்கு இது கேலிகூட இல்லை, நியாயம். நான் பின்கட்டில், வெந்நீர் அடுப்பை ஒட்டிய சாமான் அறையில். காலை முழுக்க அருவியில் நின்று ஊறிவிட்டு வருகிற ஜனம் வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் கேட்கிறது. என்ன பிறவிகளோ.

ஆனி 24, செவ்வாய்

சாரல் விட்டு விட்டு. மதினியோடு தென்காசி. கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு ரிப்பேர் கடை.

கடைக்காரன் மதினியைப் பார்த்து: "என்னக்கா பிரச்சன?"

நான்: "சூடாகி அணைஞ்சிருது."

அவன், மதினியிடம்: "எவ்வளவு நேரத்துல அணையுதுன்னு சொல்லுதாவ?"

நான் என்ன, அவள் தோளில் தொங்கும் பையா? மதினி சொன்னாள்: "அவதானய்யா பேசுதா. அவகிட்டயே கேளும்." மதினிக்கு இன்று ஒரு மதிப்பெண். மொத்தமாக இதுவரை வாங்கியதே கொஞ்சம்தான்.

ஆன் பண்ணினான். உச்சுக்கொட்டினான். "டிஸ்பிளே போயிருச்சுக்கா. மொத்தமும் கறுப்பு. பேனல் மாத்தணும்." டிஸ்பிளே போகவில்லை. வெளிச்சத்தைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறேன், பார்க்க ஆள் இல்லாத வெளிச்சம் எதற்கு? சொன்னேன்.

"அப்ப ஸ்கிரீன் இல்லாம எப்படி யூஸ் பண்ணுதிய?"

"காதால."

மதினி சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். "விட்டுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்றான். இவன் கையில் ஒப்படைத்துவிட்டு வருவதைவிட அருவியில் போட்டுவிட்டு வரலாம். வேறு கடை தேடப் பொழுதில்லை.

வாங்கியவை: தேங்காய் எண்ணெய், அண்ணனுக்கு மாத்திரை, நேந்திரங்காய் சிப்ஸ் (மதினி, வழியிலேயே பாதி காலி).

திரும்பும் பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பெண்கள்:
"நல்லா லட்சணமாத்தான் இருக்கா பாரு."
"ஆமா, பாவம். எந்த ஜென்மத்துப் பாவமோ."
கண் இல்லை என்றால் காதும் இல்லை என்று இந்த ஊருக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஆனி 25, புதன்

காலையில் மதினி போய் லேப்டாப்பை வாங்கிவந்தாள். ஆன் செய்தேன். ஒரு சத்தமும் இல்லை. விசிறி ஓடுகிறது, விசை அமுங்குகிறது, குரல் மட்டும் இல்லை. கடைக்குப் போன் போட்டேன்.

"அதுவா மேடம்? ஏதோ ஒரு சாஃப்ட்வேர் சும்மா வாய் ஓயாம பேசிக்கிட்டே கெடந்துச்சு. தொட்டாப் பேசுது, தொடாட்டியும் பேசுது. வைரஸ் மாதிரி. அதான் ஹீட்டு. எடுத்து விட்டுட்டேன்."

திரைவாசிப்பானை எடுத்துவிட்டான்! அது ஒன்றுதான் நானும் அந்த மெஷினும் பேசிக்கொள்ளும் வழி. பல் வலி என்று போனவள் நாக்கை அறுத்து அனுப்பியிருக்கிறான். அதில் ஒரு பெருமை வேறு. "இப்ப சூப்பரா ஓடும் மேடம்."

நான் சொன்னதை எழுத மாட்டேன். பிரெயில் தாளுக்கும் மரியாதை உண்டு.

மெஷினுக்குள்ளேயே இன்னொரு குரல் உண்டு, அவசரத்துக்கு. மூன்று விசையைச் சேர்த்து அமுக்கினால் எழுந்திருக்கும். மூக்கடைத்த இங்கிலீஷ்காரன். அவனைப் பிடித்து, அவன் சொல்லச் சொல்ல, என் பழைய வாசிப்பானை மறுபடி இறக்கி ஏற்றி முடிக்க மத்தியானம் போயிற்று. பழைய குரல் தமிழில் பேசியதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அசிங்கம். யாரும் பார்க்கவில்லை.

பிறகு ஒத்திகை. பாடத்தில் பருவக்காற்று கேரளக் கரையைத் தொட்டதும் லேப்டாப் அணைந்தது. மேல்மூடியில் கை வைத்தேன், தோசை வார்க்கலாம்.

நம் ஆட்களின் வாட்ஸப் குழுவில் கேட்டேன். குரல்செய்தியாக வந்து விழுந்த ஞானம்:
– தட்டில் ஐஸ்கட்டி வைத்து அதன்மேல் லேப்டாப் (தண்ணீரும் கரண்டும், நல்ல யோசனை)
– வாசிக்கும் வேகத்தைக் குறை, மெஷினுக்கு மூச்சு வாங்கும் (வாசிப்பான் என்ன, மலையேறுகிறதா?)
– புது லேப்டாப் வாங்கு (மகாராசன்)
– ஜெபித்துக்கொள்கிறேன் சகோதரி

கண் தெரியாதவர்கள் எல்லாரும் புத்திசாலிகள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதை நம்புகிறவர்கள் எங்கள் குழுவில் ஒரு வாரம் இருந்து பார்க்கட்டும்.

மாலையில் ஜெபா கூப்பிட்டாள். பள்ளியில் என் பக்கத்து பெஞ்ச், இப்போது வாசுதேவநல்லூரில் பேங்க் வேலை. அவளுக்கும் என்னைப்போலவே கண் தெரியாது. எடுத்ததும் கேள்வி: "மூடியத் தொறந்து வச்சிருக்கியாட்டி?"

"எதுக்கு? தொறந்து என்னத்தப் பாக்க?"

நான் திறப்பதே இல்லை. மூடியைச் சாத்தி, அதன் மேலேயே தனிக் கீபோர்டை வைத்துத் தட்டுவேன். மேசையில் இடம் மிச்சம். திரையைத் திறந்துவைத்து முறைத்துக்கொண்டு உட்காருவதெல்லாம் கண் உள்ளவர்கள் பாடு என்று ஓர் இளக்காரம், எப்போதுமே.

ஜெபா பொரிந்தாள். "லூசு. கீபோர்டு சந்து வழியாத்தான் பாதிச் சூடு வெளிய போவும். நீ மூடியப் போட்டு, அதுக்கு மேல பாரத்தையும் வச்சு, இட்லி மாதிரி அவிக்குத. நானும் இப்படித்தான் ஒண்ண அவிச்சுக் கொன்னேன். நம்மாளுக நெறைய பேரு இதத்தான் செய்யுதாவ."

திறந்தேன். உள்ளேயிருந்து முகத்தில் அனல் அடித்தது.

ஜன்னல் எதற்கு உனக்கு என்று அண்ணன் கேட்டபோது, ஜன்னல் பார்ப்பதற்கு மட்டும்தான் என்று நினைக்கிற மடையன் என்று திட்டினேன். மூடி விஷயத்தில் நான் நினைத்ததும் அதேதான். ஒரே ரத்தம். எரிச்சலாக இருக்கிறது. போய்ச் சாப்பிட வேண்டும்.

ஆனி 26, வியாழன்

மழை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

மூடியைத் திறந்து ஒத்திகை. நல்ல முன்னேற்றம், காற்று கேரளத்தைத் தாண்டி மலையேறிவிட்டது. ஆனால் சாமான் அறையில் சுவருக்கு அந்தப் பக்கம் வெந்நீர் அடுப்பு. ஜன்னலும் கிடையாது. முடிக்கும் தறுவாயில் குரல் இழுக்க ஆரம்பித்தது. முன்னறை வேண்டும். வேறு வழி இல்லை.

அண்ணன் சாப்பிடும்போது கேட்டேன்.

"ஒரு மணி நேரம் போதும். அவங்கதான் அருவிக்குப் போயிருவாங்கள்ல?"

"பார்ட்டி ஞாயித்துக்கெழம வர பேசியிருக்கு. அவிய சாமான்லாம் உள்ள கெடக்கு. ஒண்ணு தொலஞ்சா ஆரு பதில் சொல்லுவா?"

"நான் என்ன, அவங்க துணியப் போட்டுக்கிட்டா கிளாஸ் எடுக்கப் போறேன்?"

"டெமோதானட்டி? போன்ல பண்ணேன்."

போனில் ஸ்லைடு, போனில் பிள்ளைகள் எழுதும் கேள்வி, போனில் என் குறிப்பு, எல்லாம் ஒரே காதில். இவனுக்கு விளக்கலாம், அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். "இந்த வேல கெடைக்காட்டி காலம்பூரா உன் வீட்டுலதான் இருப்பேன், சம்மதமா?" என்றேன். சோற்றைப் பிசைகிற சத்தம் நின்றது.

கை கழுவும் இடத்தில் மதினி என் உள்ளங்கையில் சாவியை வைத்து விரல்களை மடக்கினாள். "பத்து மணிக்குப் போயிருவாவ. ரெண்டு மணி ஆவும் திரும்ப. அதுக்குள்ள முடிச்சிரு." இன்னொரு மதிப்பெண்.

தூக்கம் வராது என்று தெரிகிறது. பயமாக இருக்கிறது. கோ.சா. மீது எவ்வளவு இளக்காரம் இருந்தாலும் அந்த வேலை எனக்கு வேண்டும், வெட்கமில்லாமல் வேண்டும்.

ஆனி 27, வெள்ளி

சாயங்காலம் எழுதுகிறேன்.

பத்தேகாலுக்குப் பார்ட்டி கிளம்பியது. மதுரை ஆட்கள், கணவன், மனைவி, கணவனின் தம்பிகள். வாசல்வரை ஒரே சிரிப்பு, எண்ணெய் வாசனை. போனதும் உள்ளே போய்த் தாழிட்டேன். என் அறையில் ஈரத் துண்டு வாடையும் சிப்ஸ் வாடையும். என்ன கழுதைகளோ, மேசையெல்லாம் பிசுக்கு. துடைத்தேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன், மேசை அப்படித்தான் கிடக்கிறது. முதுகில் சில்லென்று மலைக்காற்று. மூடியை நன்றாகத் திறந்தேன்.

மூடி திறந்தால் கேமராவும் திறக்கும். ஒரு விசையில் அதை அணைக்கலாம். விரலை அதன்மேல் வைத்திருந்தேன். முகம் கவனத்தைச் சிதறடிக்குமா? சிதறட்டும். ஒரு மணி நேரம் இந்த முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். கேமராவை ஆனிலேயே விட்டேன்.

பதினொன்று. வணக்கம் சொன்னேன். ஒரு காதில் பிள்ளைகள் எழுதுவதை வாசிப்பான் வாசிக்கிறது, மறு காதில் கோ.சா.வின் மூச்சு. அரபிக்கடலில் கிளம்பினேன். காற்று மலையில் முட்டிக் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிடும், மலைக்கு இந்தப் பக்கம் நமக்கு மிச்சம் கிடையாது. அப்படியானால் தென்காசிக்கு மட்டும் எப்படிச் சாரல்? செங்கோட்டைப் பக்கம் மலையில் கணவாய், காற்று நுழைய ஒரு வழி. குரல் நடுங்கவில்லை, என்னுடையதும் வாசிப்பானுடையதும்.

கோ.சா. குறுக்கே வந்தார். "மேடம்... வீடியோ ஆன்ல இருக்கு."

"தெரியும் சார்."

"இல்ல மேடம், அது வந்து, பின்னாடி..."

"மூடினா மெஷின் சூடாயிரும் சார். அணைஞ்சா கிளாஸ் நின்னுரும். நிக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

அத்தோடு வாயை மூடிக்கொண்டார். இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்து ரொம்ப நாளாயிற்று.

கொஞ்சத்தில் ஒரு பையன் எழுதினான்: மேடம், உங்களுக்குப் பின்னாடி பாருங்க. என்னைப் பார்க்கச் சொல்கிறான்! துடுக்கு. விட்டேனா? "எனக்குப் பின்னாடி ஜன்னல்ல தெரியறதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. பரீட்சைக்கு வரும்." பிறகு ஒருவரும் அதைப்பற்றி எழுதவில்லை.

முடிக்க இன்னும் கொஞ்சம் இருக்கும்போது அருவிப் பக்கம் சைரன். தண்ணீர் கூடிவிட்டால் போலீஸ் ஊதுவது, குளிக்கத் தடை. போச்சு. ரெண்டு மணிப் பார்ட்டி இப்போதே திரும்பும். திரும்பியது. கதவில் தட்டு.

"ஏட்டி பேச்சி! கதவத் தொற! பார்ட்டி நனஞ்சு நிக்காவ!" அண்ணன்.

லேப்டாப்பை இழுத்து மூடவில்லை, கதவையும் திறக்கவில்லை. பிள்ளைகளிடம் சொன்னேன்: "அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. இப்ப கேட்கிற தட்டல் எல்லாம் அந்தக் கணவாய் வழியா வந்த காற்றோட வேலைதான்." அந்த ஒரு நிமிஷத்துக்கு நான் நல்ல வாத்தியார்தான், யார் இல்லை என்று சொன்னாலும். கேள்விகளுக்குப் பதில் சொன்னேன், நன்றி சொன்னேன், முடித்தேன். மூடியைத் தொட்டேன். இளஞ்சூடு. கடைசிவரை திக்காமல் நின்றது.

கோ.சா.: "சரி மேடம்... கூப்பிடறேன்." வைத்துவிட்டார்.

கதவைத் திறந்ததும் மதுரைக்காரர்: "நாங்க எடுத்த ரூமுல நீங்க எப்படிங்க..." நான் பிறந்த ரூம் என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை அணைத்துக்கொண்டு நடந்தேன். நிலையில் முட்டிக்கொண்டேன், அதுதான் கொஞ்சம் கெடுத்துவிட்டது.

போன் வரவில்லை.

ஆனி 28, சனி

சாரல் நின்று வெயில். போன் வரவில்லை. அண்ணன் பேசவில்லை. பார்ட்டி கோபித்துக்கொண்டு இன்று காலையே காலி செய்துவிட்டது. "ஞாயித்துக்கெழம வர பேசினது, போச்சு" என்று மட்டும் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

கோ.சா.வைப் பற்றி முடிவுக்கு வந்துவிட்டேன். முகத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டார். பஸ் பெண்கள், ரிப்பேர் கடைக்காரன், இவர், எல்லாம் ஒரு மரத்துக் காய். புவியியல் அவருக்கு எதற்கு? குறை இல்லாத முகம் ஒன்று போதும், அது மேப்பைத் தலைகீழாகப் பிடித்தாலும் சரி. மத்தியானம் சாப்பிடவில்லை. திரும்ப "ஹலோ, ரூம் இருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன்.

நாலு மணிக்குக் குறுஞ்செய்தி. வாசிப்பான் வாசித்தது: மேடம், திங்கள் காலை பத்து மணி, முதல் பேட்ச் உங்களுக்கு. வீடியோ ஆன்லயே இருக்கட்டும், பிள்ளைங்க நீங்கதான் வேணும்னு கேட்டாங்க. நான் முதல்ல சொன்னதுக்கு ஸாரி. பின்னாடி மட்டும் காலியா இருக்கட்டும் மேடம், ப்ளீஸ்.

திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தேன். வேலை கிடைத்துவிட்டது. கிடைத்தேவிட்டது! மதினியைப் பிடித்து உலுக்கினேன். பிறகு அந்தக் கடைசி வரி உறுத்தியது. இந்த ஆளுக்கு மலைகூடவா கண்ணை உறுத்துகிறது?

"மதினி, பின்னாடி காலியா இருக்கணுமாம். ஜன்னல்ல மலையத்தான காட்டுனேன்? மலைய எங்க கொண்டு வைக்க?"

மதினியிடமிருந்து ஒரு மாதிரி மூச்சு. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"பேச்சி... மழைல துணி காயலன்னு அவுக ஜன்னலுக்குக் குறுக்க கயிறு கட்டியிருந்தாவ. வரிசையா ஜட்டி. ஒரு பனியன். அந்தப் பொம்பளயோட பாவாட. உன் தலைக்கு நேர் மேல."

"சொல்ல வேண்டியதுதான!"

"நீ கதவத் தொறந்தப்பதான நானே பாத்தேன். முகம் காட்டக்கூடாதுன்னு அந்தாளு சொன்னதா நீதான சொன்ன? கேமரா அமந்திருக்கும்னு நெனச்சேன்."

பாவாடை மலையையே மறைத்திருக்கும். ஆக கோ.சா. சொல்ல வந்தது அதைத்தான். அந்தப் பையன் எழுதியதும் அதைத்தான். இரண்டு பேர் வாயையும் அடைத்தது நான். பாத்துக்கோங்க, பரீட்சைக்கு வரும் என்று வேறு சொல்லித்தொலைத்தேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. கடைசிவரை உட்கார்ந்து கேட்டுவிட்டு, நான்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

யாரைத் திட்டுவது என்று தேடிப் பார்த்தேன். ஆள் அகப்படவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு அந்தப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.